பழைய பெட்டியும் இரவல் அட்டையும்

யாழ்ப்பாணத்து வீடொன்றின் முன்னறையில், சுவாமிப் படங்களுக்குக் கீழே போடப்பட்ட மேசையில், அந்தக் கணினி ஏழாண்டுகளாக வீற்றிருந்தது. டெல் நிறுவனத்தின் ஒப்டிபிளெக்ஸ் 7010 என்னும் வகையைச் சேர்ந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்தபின் கப்பலேறி இலங்கைக்கு வந்து, இரண்டாங்கைப் பொருளாக விலைப்பட்டது. முன்னைய உடைமையாளர் ஒட்டியிருந்த இலக்கச் சீட்டைச் சுரண்டி எடுத்த அடையாளம் அதன் முதுகில் இன்னமும் உண்டு. 2017 இல் அண்ணன் தன் முதற் சம்பளத்தில் அதனை வாங்கி வந்தான். தம்பியின் படிப்புக்கென்று தாயாரிடம் சொன்னான். அன்றிரவே அதில் கிறிக்கெற் 07 ஏற்றப்பட்டது என்பது வீட்டில் இருவருக்கு மாத்திரம் தெரிந்த செய்தி.

2006 இல் வெளிவந்த அவ்விளையாட்டுக்கு அந்தப் பெட்டியின் வலு தாராளமாகப் போதும். ஒரே விசைப்பலகையில் இருவரும் ஆடினர். வலப்பக்கத்து அம்புக்குறிகள் அண்ணனுக்கு, இடப்பக்கத்து எழுத்துகள் தம்பிக்கு. முழங்கையால் இடித்து மற்றவனின் பந்துவீச்சைக் குழப்புவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. புதிய விளையாட்டுகளை ஆடவல்ல வரைகலை அட்டை ஒன்றை வாங்கிப் பொருத்த வேண்டும் என்பது அந்நாளில் இருவரும் பேசித் தீராத பேச்சு.

அட்டை வாங்கப்படவில்லை. 2021 இல் உலகெங்கும் மின்நாணயம் அகழ்வோர் அட்டைகளை அள்ளிக்கொண்டதனால் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்டபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐத் தாண்டியது. நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட அக்காலத்தில் வரைகலை அட்டையைப் பற்றிப் பேசுவதே நகைப்புக்கிடமானது. அவ்வாண்டின் இறுதியில் அண்ணன் கனடாவுக்குப் போனான். பெட்டியின் மீது துணியொன்று போர்த்தப்பட்டது.

தொலைபேசியில் இருவரும் பேசிக்கொள்ளாமலில்லை. ஆயினும் அப்பேச்சுக்கு ஒரு வறட்சி இருந்தது. "சாப்பிட்டியோ", "அங்கை குளிரோ", "அம்மா என்ன செய்யிறா" என்பவற்றுக்கு அப்பால் அது செல்லவில்லை. தோளோடு தோள் இடிபட்டு வளர்ந்தவர்களுக்கு நேர்க்குநேர் முகம்பார்த்து உரையாடுவது பழக்கமில்லாத காரியம். அவர்களுடைய உரையாடல்களெல்லாம் வேறொரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கையில் இடையிடையே உதிர்ந்தவை. இதனைத் தம்பி உணர்ந்துகொண்டது 2024 இன் நடுப்பகுதியில். றொக்கெட் லீக் என்றொரு விளையாட்டு உண்டு. மோட்டார் வண்டிகள் பெரியதொரு பந்தை மோதி வலைக்குள் தள்ளுகின்ற உதைபந்தாட்டம் அது. 2020 செப்ரெம்பர் தொடக்கம் இலவசமாகக் கிடைப்பது. ஓர் ஆட்டம் ஐந்து நிமிடத்தில் முடிவது. இருவர் ஒரு பக்கமாகச் சேர்ந்து ஆடலாம். கனடாவில் இருப்பவனும் யாழ்ப்பாணத்தில் இருப்பவனும் ஒரு பக்கமாகச் சேர்ந்து ஆடலாம்.

"நான் காசு அனுப்புறன், புதுசா ஒண்டு எடு" என்றான் அண்ணன். தம்பி மறுத்துவிட்டான். களஞ்சியமொன்றில் மாலைமுறை வேலை செய்யும் அண்ணன், பயணத்துக்குப் பட்ட கடனை இன்னும் அடைத்து முடிக்கவில்லை. அண்ணன் வாங்கித் தந்த பெட்டியைத் தானே விளையாட்டுக்கு ஏற்றதாக்கிக் காட்ட வேண்டும் என்ற வீம்பும் அம்மறுப்பில் இருந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்து அவன் சேர்த்திருந்த பணம் 35,000 ரூபா. அதற்குள் காரியம் முடிய வேண்டும்.

துணியை நீக்கிப் பெட்டியைத் திறந்தபோது அவன் கண்டது தூசி. விசிறியின் அலகுகளில் அது கம்பளிபோற் படிந்திருந்தது. முறைவழியாக்கிக்கும் அதன் மேலுள்ள வெப்பங்கடத்தும் உலோகத்துக்கும் இடையிலே பூசப்பட்ட பசை காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. வெப்பம் வெளியேறாவிடின் முறைவழியாக்கி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய கணினி "கிழடு தட்டிவிட்டது" என்று பலர் சொல்வதிற் பாதி இதுதான். தாய்ப்பலகையிலுள்ள நாணயமளவான மின்கலமும் செத்துப்போயிருந்தது. அதனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி திகதியை மறந்தது. பசைக்கும் மின்கலத்துக்கும் 900 ரூபா. செலவுக் கணக்கில் மிகச் சிறியதும் பயனில் முதன்மையானதும் இதுவே.

கலைப்பீடத்தானுக்கு இந்த வேலை ஏன் என்று நண்பர்கள் நகைத்தனர். முறைவழியாக்கி பழையது, முழுவதையும் வீசிவிடு என்று அறிவுரை சொன்னவர்களும் உளர். அவன் அவ்விடத்தில் நிதானித்தான். உள்ளே இருந்தது இன்ரெல்லின் கோர் ஐ5 3470. 2012 இல் வெளிவந்தது, நான்கு கருக்களைக் கொண்டது. கிராண்ட் தெப்ட் ஓட்டோ 5 என்ற பெருவிளையாட்டு 2015 இல் கணினிக்கு வந்தபோது அதன் தயாரிப்பாளர் வெளியிட்ட பட்டியலில், நன்றாக ஆடுவதற்கெனப் பரிந்துரைக்கப்பட்ட முறைவழியாக்கி இதே 3470 தான். அப்பட்டியல் கேட்ட நினைவகம் 8 கிகாபைற். பெட்டியில் இருந்ததோ 4. பட்டியல் தனியானதொரு வரைகலை அட்டையையும் கேட்டது. பெட்டியில் அது அறவே இல்லை. எனவே குறை எங்கே என்பது துலக்கமாயிற்று. ஒரு காட்சியை வரைவதற்கு முறைவழியாக்கியும் வரைகலை அட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக உழைக்கின்றன. செக்கனுக்கு 60 காட்சிகள் வேண்டுமாயின் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெக்கன். இரண்டில் எது பிந்துகிறதோ அதன் நடையே கணினியின் நடை. பிந்தாததை மாற்றுவதற்குச் செலவிடும் பணம் கிணற்றிற் போட்ட கல்.

நினைவகத் தகட்டைத் தேடும்போது ஒரு சிறு சிக்கல் எழுந்தது. இப்பெட்டி ஏற்பது டிடிஆர்3 வகையை. கடைகளில் நிறைந்திருப்பது அதற்குப் பிந்திய வகைகள். அவற்றின் வெட்டுவாய் வேறிடத்தில் இருப்பதால் உள்ளே நுழையவே மாட்டா. பழைய பெட்டியொன்றிலிருந்து கழற்றிய 4 கிகாபைற் தகடு 2,000 ரூபாவுக்குக் கிடைத்தது. முன்னையதற்கு இணையாக அதனைப் பொருத்தியதும் கொள்ளளவு இரட்டித்தது. அதனோடு, இரு வழிகளில் ஒரே வேளையிற் தரவு பாயத் தொடங்கியதனாற் போக்குவரத்தும் இரட்டித்தது. அடுத்து எஸ்எஸ்டி. பழைய வன்தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை, அதாவது செக்கனுக்கு 120 தடவை சுழல்வது. கேட்ட தரவு முனையின் கீழ் வந்து சேரும்வரை ஒவ்வொரு தடவையும் காத்திருக்க வேண்டும். சுழலும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டியில் அக்காத்திருப்பு இல்லை. 240 கிகாபைற் கொண்டதொன்று 7,500 ரூபா. விளையாட்டின் காட்சிகளை அது விரைவாக்காது என்பதை அவன் அறிவான். ஆயினும் பொத்தானை அமுக்கிவிட்டுத் தேநீர் குடித்து வரும் வழக்கம் அன்றோடு ஒழிந்தது.

எஞ்சிய 24,600 ரூபாவோடு அவன் நகரிலுள்ள கடையொன்றுக்குப் போனான். இங்கேதான் அவன் சறுக்கினான். கடைக்காரர் காட்டியது ஆர்எக்ஸ் 570 என்னும் அட்டை. முன்னர் நாணயம் அகழ்ந்ததாக இருக்கலாம். 2022 செப்ரெம்பரில் எதீரியம் அகழ்வு முறையைக் கைவிட்டதன் பின்னர் அத்தகைய அட்டைகள் உலகச் சந்தையிற் குவிந்தன. 22,000 ரூபா. "உங்கட பெட்டிக்குப் பிரச்சினையில்லாமல் வேலை செய்யும் தம்பி" என்றார். வலுவான அட்டை என்பதில் ஐயமில்லை. அவனும் தாய்ப்பலகையின் துளைவாயைப் பற்றி மாத்திரம் எண்ணினானேயன்றி வேறெதனையும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து அட்டையைச் செருகியபோது அதன் விளிம்பில் எட்டு முள் கொண்ட வாயொன்று வெறுமையாக அவனைப் பார்த்தது. அதிற் கொளுவுவதற்கான வடம் பெட்டியின் மின்வழங்கியில் இல்லை. அலுவலகக் கணினிக்கு அது வேண்டியதில்லை என்று செய்தவர்கள் எண்ணியது நியாயமே. துளைவாய் வழியாக ஓர் அட்டைக்குக் கிடைக்கக்கூடிய உச்ச மின்வலு 75 வாற்று. இவ்வட்டைக்கு வேண்டியதோ ஏறத்தாழ 150. மின்வழங்கியின் முழு வலுவுமே 275 வாற்றுத்தான். மறுநாள் கடைக்குப் போனபோது கடைக்காரர் கலங்கவில்லை. வன்தட்டுக்குப் போகும் வடத்திலிருந்து மின்னெடுத்து எட்டு முள்ளாக மாற்றும் சிறு மாற்றியொன்றைத் தூக்கிக் காட்டினார். "எல்லாரும் இதைத்தான் போடுகினம்." வன்தட்டுக்கான அந்த இணைப்பி 12 வோல்ற்றில் 4.5 அம்பியர், அதாவது 54 வாற்றைத் தாங்குமாறு வகுக்கப்பட்டது. அட்டைக்கு மேலதிகமாக வேண்டியது 75. முப்பது வாற்று மின்குமிழ்கூடக் கையைச் சுடும் என்றால், மெல்லிய இணைப்பியொன்றில் மிகையாக ஓடும் மின்சாரம் என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டியதில்லை. பெட்டி இருப்பது சுவாமிப் படங்களுக்குக் கீழே. அடுத்த அறையில் தாயார் உறங்குகிறார்.

அவன் மாற்றியை வாங்கவில்லை. காசைத் திருப்பித் தரவும் கடைக்காரர் இசையவில்லை; அட்டையை 19,500 ரூபாவுக்கு எடுத்துக்கொண்டு வேறொன்று தருவதாகச் சொன்னார். 2,500 ரூபா என்பது ஒரு பிள்ளைக்கு இரண்டு மாதம் வரலாறு படிப்பித்த கூலி. அவன் மீது தவறில்லை என்றும் சொல்ல இயலாது. எதை வாங்கலாம் என்று பணப்பையைக் கேட்டவன், எதைத் தாங்குவாய் என்று பெட்டியைக் கேட்டிருக்கவில்லை.

மாற்றாக எடுத்தது ஜிரிஎக்ஸ் 1050 ரிஐ. 2016 இல் வந்தது. 4 கிகாபைற் நினைவகம் கொண்டது. ஆர்எக்ஸ் 570 ஐவிட வலுவிற் குறைந்தது. ஆனால் அதன் தேவை 75 வாற்று. துளைவாய் கொடுப்பதை உண்டு அடங்கும் பிராணி. வேறு வடம் வேண்டாத வகையாகப் பார்த்தெடுத்தான். விலை 21,000, மேலதிகமாக 1,500 கொடுத்தான். கையில் எஞ்சியது 1,100 ரூபா.

அட்டை உட்கார்ந்தது, விசிறி சுழன்றது. திரையை இணைக்க முயன்றபோது மறுபடியும் ஒரு தடை. அவ்வீட்டுத் திரை பழைய சதுரத் திரை. விஜிஏ என்னும் பழைய வாய் மாத்திரமே அதற்குண்டு. புதிய அட்டையிலோ அவ்வாய் இல்லை. எச்டிஎம்ஐ குறிப்பை விஜிஏ ஆக்கித்தரும் மாற்றியின் விலை 1,500 ரூபா. நானூறு ரூபா துண்டுவிழுந்தது.

"உந்தப் பழம்பெட்டிக்கு இன்னும் காசோ?" என்றார் தாயார். என்றாலும் பாற்காசு வைக்கும் பேணியைத் திறந்து எண்ணிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

அந்தச் சதுரத் திரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதனை மாற்ற வேண்டுமென்று நண்பர்கள் எல்லாரும் ஒருமுகமாகச் சொல்லியிருந்தனர். அதன் பரப்பு 1280 இற்கு 1024 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 13 இலட்சம். இன்று பரவலாக உள்ள 1920 இற்கு 1080 திரையிலோ ஏறத்தாழ 21 இலட்சம். வரைகலை அட்டை ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் தீட்ட வேண்டும். புள்ளி குறைந்தால் வேலையும் குறையும். வசதியான வீட்டில் மூச்சுவாங்கக்கூடிய அட்டை இங்கே இலகுவாகச் செக்கனுக்கு 60 காட்சிகளைத் தீட்டியது.

இப்பெட்டிக்கு ஆயுள் நீளம் என்று சொல்வதற்கில்லை. விண்டோஸ் 11 இதனை ஏற்பதில்லை. விண்டோஸ் 10 இற்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அவனுக்கு அது தெரிந்தே இருந்தது.

முதல் ஆட்டத்துக்குக் குறித்த நேரம் ஞாயிறு காலை எட்டு மணி. ரொறன்ரோவில் அப்போது சனி இரவு பத்தரை. அண்ணன் வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு அமரும் நேரம். கணினி குறையின்றி ஓடியது. பிந்தியது வேறொன்று. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. வழி நேரானதாக இருந்தாலுங்கூடப் போய்வர 140 மில்லிசெக்கன் வேண்டும். கடலடி வடங்களோ நேர்வழியிற் போவதில்லை. எந்தக் கடையிலும் இதற்கு அட்டை விற்பதில்லை. கனடாப் பக்கத்துச் சேவையகத்தில் ஆடினால் தம்பியின் வண்டி தடுமாறியது. ஆசியப் பக்கத்தில் ஆடினால் அண்ணனுடையது தடுமாறியது. ஈற்றில் இருவருக்கும் இடைப்பட்ட ஐரோப்பியச் சேவையகத்தைத் தெரிந்துகொண்டனர். இருவரும் ஓரளவு பிந்தினர்.

முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. "எடேய், பந்தை விட்டிட்டு எங்கை போறாய்?" என்று அண்ணன் கத்தினான். மூன்றாம் ஆட்டத்தின் நடுவே, கடன் எவ்வளவு மிச்சம் என்பதையும், கடந்த மாதம் முதுகு பிடித்து மூன்று நாள் வேலைக்குப் போகாததையும், தொலைபேசியில் ஒருபோதும் சொல்லியிராதவற்றை, வண்டியைத் திருப்பிக்கொண்டே சொன்னான். தம்பி பந்திலிருந்து கண்ணெடுக்காமற் கேட்டான்.

சமையலறையிலிருந்து வந்த தாயார் கதவடியில் நின்றார். தம்பி தலையணி ஒலிபெருக்கியின் வடத்தைக் கழற்றினான். அண்ணனின் குரல் அறை முழுவதும் கேட்டது.

"ராசா, சாப்பிட்டிட்டியே?" என்றார் தாயார்.

"இன்னும் இல்லையம்மா. கொஞ்சம் பொறுங்கோ, இதொண்டு முடியட்டும்."

ஆட்டத்தில் நாற்பது செக்கன் எஞ்சியிருந்தது.