அம்மாவின் பழங்கதையும் கணினியின் எச்சரிக்கையும்



கடந்த பள்ளி விடுமுறையின் முதல் நாளை அரசாங்க கிளினிக் ஒன்றில் கழித்தேன். அம்மாவுக்கு வயது 76. இருபது ஆண்டுகளாக இனிப்புநீர் நோய் உண்டு. அன்று காலில் ஒரு புண்ணும் சேர்ந்திருந்தது.

முன்பெல்லாம் கிளினிக்கிற்குப் போகும்போது ஒரு நெகிழிப் பையும் எங்களோடு வரும். பழைய சீட்டுகள், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், வெவ்வேறு கையெழுத்தில் எழுதிய மருந்துப் பட்டியல்கள் எல்லாம் அதில் இருக்கும். இவ்வாண்டு அங்கே கணினிப் பதிவு முறை வந்துவிட்டது. அடையாள அட்டையை நீட்டினால் போதும். விவரங்கள் திரையில் தோன்றுகின்றன.

மருத்துவர் இளைஞர். புண்ணைப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பியவர், திரையைப் பார்த்தபடியே வினவினார், தட்டச்சு செய்தார். அம்மா என் காதருகே குனிந்து, "தம்பி, டாக்டரு என்னைப் பாக்குறாரா, அந்தப் பொட்டியைப் பாக்குறாரா?" என்றார். எனக்கும் அது சற்று வருத்தமாகத்தான் இருந்தது.

அவ்வேளையில் மருத்துவரின் கை நின்றது. திரையில் சிவப்பு நிறத்தில் ஓர் அறிவிப்பு. அவர் நாற்காலியை முழுமையாக அம்மாவின் பக்கம் திருப்பி, பென்சிலின் மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று மலாய்மொழியில் கேட்டார். அவர் எழுத முற்பட்ட மாத்திரை அந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை நீக்கிவிட்டு வேறொன்றைக் கொடுத்தார்.

அம்மா 19 வயதில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தபோது நடந்தது இது. காய்ச்சலுக்குத் தோட்ட மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் உடல் தடித்து, முகம் வீங்கி, மூச்சு திணறியது. டிரெசர் இரவு முழுவதும் அருகிலேயே இருந்து காப்பாற்றினாராம். அதன் பிறகு அவர் இருந்தவரையில் யாரும் அம்மாவுக்கு அந்த ஊசியைப் போடவில்லை. தோட்டத்து மக்களின் மருத்துவப் பதிவேடு அவருடைய நினைவுதான். தோட்டத்தை விட்டு நாங்கள் பட்டணத்துக்கு வந்தபோது அந்தப் பதிவேடு எங்களோடு வரவில்லை.

அப்படியானால் கணினிக்கு இச்செய்தி எப்படித் தெரிந்தது? இதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இரண்டு மாதங்களுக்கு முன் அம்மாவின் விவரங்களைக் கணினியில் பதிந்தவர் ஓர் இளம் தாதி. "ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?" என்று அவர் கேட்டதும் அம்மா தோட்டத்துக் கதையைத் தொடங்கினார். எனக்கோ பள்ளிக்குத் திரும்ப வேண்டிய அவசரம். "பழங்கதை எல்லாம் இப்போ எதுக்கும்மா? இல்லைன்னு சொல்லிடுங்க" என்று குறுக்கிட்டேன். அந்தத் தாதி என்னைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, "பாட்டி சொல்லட்டும் சார்" என்றார். முழுவதும் கேட்டார். பிறகே பதிந்தார்.

மாணவர்களுக்குக் கேட்டல் திறனைக் கற்பிக்கும் ஆசிரியன் நான். அன்று என் பேச்சின்படி 'இல்லை' என்று பதிந்திருந்தால், அந்தச் சிவப்பு எழுத்து தோன்றியிருக்காது. நினைக்கும்போது இன்றும் நெஞ்சு நடுங்குகிறது.

நண்பர்களே, 1996-ஆம் ஆண்டு தொடங்கிய எம்.எஸ்.சி. எனப்படும் பல்லூடகப் பெருவழித் திட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் முதன்மைத் திட்டங்களுள் ஒன்று விவேகப் பள்ளி, மற்றொன்று தொலைமருத்துவம். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கணினி ஒரே காலத்தில், உடன்பிறப்பைப் போல வந்தது. 1997-இல் வெளியான தொலைமருத்துவப் பெருந்திட்டம், ஒவ்வொருவருக்கும் பிறப்பு முதல் இறுதிவரை தொடரும் ஒரே நலப் பதிவேட்டைக் கனவு கண்டது. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, தாளில்லா மருத்துவமனை என்று பெயர் பெற்றது.

நம் பள்ளிகளின் அனுபவம் நமக்குத் தெரியும். கணினி வந்த மறுநாளே கற்பித்தல் மாறிவிடவில்லை. சில இடங்களில் அறையைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்தினோம். கருவி வருவது ஒன்று. அது நம் பழக்கத்தில் கலப்பது வேறொன்று. மருத்துவர்களுக்கும் அப்படித்தான். நோயாளியைப் பார்த்துக்கொண்டே பதிவு செய்யப் பழகுவதற்குக் காலம் பிடிக்கும். மதிப்பெண்களை இணையத்தில் பதிவதற்குள் நாம் படும் பாட்டை எண்ணிப் பார்த்தால், அந்த இளம் மருத்துவர் மீது எனக்கிருந்த வருத்தம் குறைகிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. அரசாங்க கிளினிக்கின் பதிவும் தனியார் மருத்துவமனையின் பதிவும் தாமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவைத் தனியார் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். அவர்களுடைய கணினிக்கு அம்மா புதியவர். இம்முறை நானே முந்திக்கொண்டு பென்சிலின் ஒவ்வாமையைச் சொன்னேன். அரசாங்க கிளினிக்கின் மருந்தாளர் தந்த ஒவ்வாமை அட்டையையும் காட்டினேன்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்ப்பதிலும் ஆபத்து இல்லாமலில்லை. 2018-இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு, ஏறத்தாழ 15 இலட்சம் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டன. எனவே காவலும் வேண்டும். அதற்காக மீண்டும் நெகிழிப் பைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பையில் எங்கள் அம்மாவின் ஒவ்வாமை பற்றி ஒரு சொல்கூட இருந்ததில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். பாட்டி, தாத்தா அல்லது பெற்றோர் ஒருவரிடம் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு பக்கக் குறிப்பு எழுத வேண்டும். என்னென்ன நோய்கள், உண்ணும் மருந்துகளின் பெயரும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து எது, அதை உட்கொண்டபோது என்ன நேர்ந்தது, செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். அது குடும்பத்தின் தனிப்பட்ட செய்தி என்பதால் என்னிடம் காட்ட வேண்டியதில்லை. எழுதியாயிற்று என்று பெற்றோர் கையொப்பமிட்டால் போதும் என்றேன். மருந்துப் பெயர்களைச் சீட்டில் உள்ளபடியே பார்த்து எழுதச் சொன்னேன்.

ஒரு மாணவி மறுநாள் வந்து, "சார், பாட்டி சொல்லி முடிக்க ரெண்டு மணி நேரமாச்சு" என்றாள். "நீ முழுசா கேட்டியாம்மா?" என்றேன். "கேட்டேன் சார்" என்றாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டிலும் அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதிவிடுங்கள். அடுத்த முறை பதிவு முகப்பில் உங்கள் தாயோ தந்தையோ பழங்கதையைத் தொடங்கினால், தயவுசெய்து என்னைப் போல் குறுக்கிடாதீர்கள். யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டுப் பதிந்ததைத்தான் கணினி நமக்குத் திருப்பிச் சொல்ல முடியும்.