காசு போன வழி

"எங்க தாத்தாவோட அப்பா பட்டாளத்துல இருந்தாருங்க. பஸ்ராவுக்குப் போனாராம்." முன்னோரைத் தேடித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இவ்வளவுதான் சொல்வார்கள். பெயர் கையில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு எங்கே தேடுவது என்பதுதான் தெரியாது. முதல் உலகப் போருக்குச் சென்னை மாகாணத்திலிருந்து போன ஒரு சிப்பாயைத் தேட அவர் பெயர் மட்டும் போதாது. அன்றைய ராணுவ ஏடுகளில் அவர் பல இடங்களில் வெறும் தொகையாகத்தான் இருக்கிறார்.

நம் ஊர்ப்பக்கங்களில் சில கிராமங்களில் ஒரு கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரை இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் ஒன்றுகூட இருக்காது. லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் போரின் படைப்பிரிவு நாட்குறிப்புகள் டபிள்யூ ஓ 95 என்ற வரிசையில் இருக்கின்றன. அவற்றில் காயம்பட்ட வெள்ளை அதிகாரிக்குப் பெயர் உண்டு. சிப்பாய்கள் மாண்டவர் இத்தனை, காயம்பட்டவர் இத்தனை என்ற கணக்கில் அடங்கிவிடுவார்கள். இராக்கில் உள்ள பஸ்ரா நினைவிடம் மாண்டவர்கள் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கானது. அங்கேயும் அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள்; இந்தியச் சாதாரணச் சிப்பாய்களை எண்ணிக்கையாக வெட்டினார்கள். இந்தப் பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அப்படியானால் பெயரை எங்கே எழுதினார்கள்? காசு கொடுக்க வேண்டிய இடத்தில். சம்பளம், ஊருக்கு அனுப்பும் பங்கு, ஓய்வூதியம், இறந்தால் குடும்பத்துக்குச் சேர வேண்டிய தொகை ஆகியவற்றை எண்ணிக்கைக்குக் கொடுக்க முடியாது. ஆளுக்குத்தான் கொடுக்க முடியும். ஆகவே அங்கே தகப்பன் பெயர், ஊர், தாலுகா, வாரிசு எல்லாவற்றையும் எழுதியாக வேண்டியிருந்தது. இத்தனை காலம் இந்த வேலை செய்ததில் நான் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். போர் நடந்த வழியே போனால் படைப்பிரிவு கிடைக்கும். காசு போன வழியே போனால் ஆள் கிடைப்பார்.

இரண்டு வழியும் வீட்டிலிருந்தே தொடங்குகின்றன. முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்வேன். வட்டமான போர்ப் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அங்கே பொறித்திருக்கும். வெள்ளிப் பதக்கத்தை உருக்கி நகை செய்துவிட்ட வீடுகள் உண்டு. அங்கே வெண்கல வெற்றிப் பதக்கமாவது தப்பியிருக்கிறதா என்று கேட்பேன். வெள்ளியில் இருக்க வேண்டிய போர்ப் பதக்கமே வெண்கலத்தில் இருந்தால் அதுவும் ஒரு செய்தி. அந்த வெண்கலப் பதிப்பு சுமைகூலி, தொழிலாளர் பிரிவுகளில் போனவர்களுக்கானது. சிப்பாய் என்றே வீட்டில் சொல்லிவந்தவரைப் பற்றி இதைத் தெரிவிக்கும்போது சிலருக்கு முகம் வாடும். சாலை போட்டவரும் மூட்டை சுமந்தவரும் இல்லாமல் அந்தப் போர் ஒரு நாள்கூட நகர்ந்திருக்காது என்பதைச் சேர்த்தே சொல்கிறேன்.

பதக்கம் இல்லாவிட்டால் பாட்டி சொன்ன ஊர்ப்பெயர் உதவும். ஆப்பிரிக்கா என்றால் 1914 நவம்பரில் டாங்காவில் இறங்கிய 61ஆவது பயனியர்ஸ், 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி இரண்டையும் முதலில் பார்ப்பேன். பாலம் கட்டினார், வெடி வைத்தார் என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ். பிரிவு தெரிந்ததும் அதன் பிற்கால வரலாற்றையும் பார்க்க வேண்டும். 61, 64, 81 என்ற எண்களில் இருந்த பயனியர் படைகள் 1922 சீரமைப்பில் மெட்ராஸ் பயனியர்ஸ் ஆயின. 1933இல் அதையும் கலைத்துவிட்டார்கள். சாப்பர்ஸ் மட்டும் அறுபடாமல் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பாக இன்றும் பெங்களூரில் இருக்கிறார்கள். இந்தியச் சிப்பாயின் தாள்களைக் கேட்க வேண்டிய இடம் லண்டன் அல்ல, இத்தகைய படைப்பிரிவின் ஆவண அலுவலகம்தான். ஒவ்வொருவருக்கும் ஷீட் ரோல் என்ற தனித்தாள் இருந்தது. சேர்ந்த நாள், உயரம், அங்க அடையாளம், சாதி, வாரிசு எல்லாம் அதில் உண்டு. ஓய்வூதியம் வாங்காதவர்களின் பழைய தாள்களைக் காலக்கெடு முடிந்ததும் அழித்துவிடுவது வழக்கம். இங்கேயும் காசுதான் தாளைக் காப்பாற்றியிருக்கிறது.

போரில் இறந்தவராக இருந்தால் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. கல்லில் எண்ணிக்கையாகிப் போனவர்கள் ஏட்டில் பெயரோடு இருக்கிறார்கள். பலருக்கு இன்னாரின் மகன், இன்ன ஊர் என்ற குறிப்பும் உண்டு. ஆனால் முனுசாமி அங்கே முனிஸ்வாமியாகவும் மூனுசாமியாகவும் ஆங்கில எழுத்தரின் காதில் விழுந்தபடி இருப்பார். மாவட்டத்தைப் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். வட ஆற்காடு என்று எழுதியிருந்தால் அந்த ஊர் இன்றைய வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ திருவண்ணாமலையிலோ இருக்கலாம். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமானது. அதற்கு முன் சேர்ந்தவர் என்றால் அந்த ஊர் இன்று ஆந்திரத்தில்கூட இருக்கலாம்.

அன்று படை எண்ணும் பிரிவுக்குப் பிரிவு தனித்தனி. 2140 என்ற எண்ணுடையவர் ஒரே சமயத்தில் பல பிரிவுகளில் இருந்திருப்பார். ஆகவே எண்ணும் பெயரும் ஒத்துவந்தாலும் அதை மட்டும் வைத்து நான் ஒத்துக்கொள்வதில்லை. தகப்பன் பெயர், ஊர், பிரிவு மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தி மூன்றாவது தெரியாவிட்டால் 'இருக்கலாம்' என்று எழுதுவேன். மூன்றாவது முரண்பட்டால் விட்டுவிடுவேன். இவர்தான் என்று சொல்லிவிடுங்களேன் என்று கண் கலங்கக் கேட்பவர்கள் உண்டு. ஏட்டில் இருப்பவர் இன்னொரு வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். சான்றில்லாமல் இந்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுக்காரர்கள் வந்து தேடும்போது அவர் இருக்கமாட்டார்.

முடிவில் நான் கொடுக்கும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டுவது அரிது. உறுதியானது இடப்பக்கம், இருக்கக்கூடியது வலப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எந்த ஏட்டிலிருந்து வந்தது என்ற குறிப்பு. அடுத்து எங்கே கேட்க வேண்டும் என்பதையும் கீழே எழுதிவிடுவேன். ஓய்வூதியப் புத்தகம், முன்னாள் படைவீரர் நல அலுவலகம், படைவீரருக்கு நிலம் ஒப்படைத்திருந்தால் தாலுகா அலுவலகம். வலப்பக்கத்தில் இருப்பதை இடப்பக்கம் கொண்டுவரும் வேலை இனி அந்த வீட்டுப் பிள்ளைகளுடையது.