காற்றுக்குக் கால அட்டவணை இல்லை

பல்லாண்டுச் சேமிப்பைக் கொண்டு, சென்ற ஆகஸ்டு மாதம் நாங்கள் இருவரும் கிரேக்க நாடு சென்றிருந்தோம். பிரேயஸ் துறைமுகத்தருகே எண்மர் மட்டும் ஏறிய சிறு பாய்மரப் படகில் மூன்று நாட் பயணம்.

முதல் நாள், பிஸ்தாவுக்குப் பெயர்பெற்ற ஐகினாத் தீவு. அங்கே குன்றின்மீது, கி.மு. 500-ஐ ஒட்டி எழுந்த அபாயா தேவியின் கோயில் தூண்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன! மறுநாள் போரோஸ். அடுத்து, மோட்டார் வண்டிகள் ஓடாது கழுதைகளே சுமை தாங்கும் ஹைட்ரா.

ஆனால், கோடையில் வடக்கிலிருந்து வீசும் ‘மெல்டெமி’ காற்று சீறியெழுந்தது. மாலுமி பாயைச் சுருட்டிவிட்டார். தாமதத்திற்கு விளக்கம் எழுதியே பழகிய ரயில்வே குமாஸ்தாவின் உள்ளம் குமுறியது. நுரை பொங்கிய கடலைக் காட்டி, “பிள்ளைகள் வீட்டில் காத்திருக்கிறார்கள், தீவு எங்கும் போய்விடாது” என்றாள் இல்லாள். வாயடைத்துப் போனோம்.

செல்லும் அன்பர்கள் ஒருநாள் கூடுதலாக ஒதுக்கிக்கொள்வது நலம்.