குறுநிலத்தில் ஒரு பெருவழி

அதியமான்கோட்டை,
தருமபுரி மாவட்டம்.

அன்புடைய நண்பருக்கு,

சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, இந்தியாவின் சாலைகளுள் மிக நீளமானது. அது தருமபுரி நகரைக் கடந்து, தொப்பூர்க் கணவாயில் சேலத்தை நோக்கி இறங்குவதற்கு முன், அதியமான்கோட்டையை ஒட்டிச் செல்கிறது. ஒசூரிலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844ஆம் எண் சாலையும் இவ்வூருக்கு அருகில்தான் அதனோடு சேர்கிறது. பகலும் இரவும் சரக்கு லாரிகளும் பெங்களூர்ப் பேருந்துகளும் ஓயாமல் கடக்கும் இந்தக் கூடுமிடத்தில், பயணிகளுள் பெரும்பாலோர் ஊரின் பெயர்ப்பலகையைப் படித்த அளவிலேயே அப்பால் போய்விடுகின்றனர். வெளியூரார் அவ்வாறு போவதில் வியப்பில்லை. இம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தோரும் தம் மண்ணை எவ்வளவு நடந்து பார்த்திருக்கின்றனர் என்ற கேள்வியே இங்கு வந்து நிற்கும் எவருக்கும் முதலில் எழுகிறது. இக்கடிதம் அதைப் பற்றியது.

சங்க இலக்கியம் காட்டும் தமிழகத்தில், சேர சோழ பாண்டியராகிய மூவேந்தரின் பரந்த ஆட்சிப் பகுதிகளுக்கு இடையிடையே, ஒரு மலையையோ ஓர் ஆற்றுப் படுகையையோ தன் எல்லையாகக் கொண்ட சிறு ஆட்சிப் பகுதிகள் இருந்தன. அவற்றை ஆண்டோரைக் குறுநில மன்னர் என்பது வழக்கு. அத்தகைய குறுநிலங்களுள் ஒன்று தகடூர். இன்றைய தருமபுரியே அது. அதியமான் நெடுமான் அஞ்சி அதன் புகழ்பெற்ற தலைவன். குறுநிலம் என்ற சொல்லைக் கேட்டு அதை ஓர் ஊரளவு நிலம் என்று எண்ணிவிடலாகாது. கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாகப் பிரிந்தபின் எஞ்சிய இன்றைய தருமபுரி மாவட்டம் ஏறத்தாழ 4,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஐரோப்பாவில் தனி நாடாக விளங்கும் லக்சம்பர்க்கின் பரப்பு 2,586 சதுர கிலோமீட்டரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர். காவிரி தமிழகத்தில் அடியெடுத்து வைக்கும் ஒகேனக்கல், தென்பெண்ணை பாயும் கிழக்குச் சமவெளி, சித்தேரி, வத்தல்மலை ஆகிய உயர்நிலங்கள், கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரிக் காடுகள் ஆகிய அனைத்தும் அடங்கிய இந்நிலப்பரப்பை ஒரு சிறு நாடு என்று அழைப்பதில் மிகையில்லை.

இந்நாட்டு மக்கள் பயணம் செய்யாதவர்கள் அல்லர். கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் ஆலைகளுக்குத் திருப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகச் செல்வோர் இங்கு மிகுதி; நேர்த்திக்கடனுக்காகத் திருப்பதிக்கும் பழனிக்கும் மேல்மருவத்தூருக்கும் சபரிமலைக்கும் ஆண்டுதோறும் வேன் பிடித்துச் செல்வோரும் குறைவல்லர். பிழைப்பும் வழிபாடும் வெளியே இழுக்கும் இவ்வழிகள் நன்கு பழகியிருக்க, பாலக்கோட்டில் இருப்போர் அரூரையும் அரூரில் இருப்போர் பெண்ணாகரத்தையும் காணாமலே வாழ்நாளைக் கழிப்பது இயல்பாகிவிட்டது. உள்ளூரைப் பார்ப்பதற்கென்று ஒரு பயணம் தேவை என்ற எண்ணமே எழாததுதான் இதற்குக் காரணம் என்று தோன்றுகிறது. ‘பின்தங்கிய மாவட்டம்’ என்று அரசு ஆவணங்களும் செய்தித்தாள்களும் பல காலமாகச் சூட்டிவரும் அடைமொழி, இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்ற மனநிலையை இம்மக்களிடமே வளர்த்துவிட்டதையும் மறுப்பதற்கில்லை.

அதியமான்கோட்டையே இதற்குப் போதிய சான்று. பழைய மண்கோட்டையின் எச்சங்கள் உள்ள இவ்வூரில், தட்சிணகாசி என்று போற்றப்படும் காலபைரவர் கோயில் இருக்கிறது. தேய்பிறை அட்டமியன்று, அதாவது முழுநிலவுக்குப் பின்வரும் எட்டாம் நாளன்று, சாம்பல் பூசணியைப் பிளந்து அதில் எண்ணெய் ஊற்றி விளக்கேற்ற, தருமபுரி, சேலம், கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் பெருங்கூட்டம் இங்கே கூடுகிறது. அதே ஊரில், தொல்லியல் துறையின் பாதுகாப்பில் சென்னராயப் பெருமாள் கோயிலும் உள்ளது. அதன் மகாமண்டபத்து விதானத்தில், அதாவது மேற்கூரையின் உட்புறத்தில், இராமாயண பாரதக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. சித்தன்னவாசலையும் தஞ்சைப் பெரிய கோயிலையும் போல, சுவரோவியம் பயில்வோர் வந்து காண வேண்டிய இடம் அது. பூசணி விளக்கேற்ற வருவோருள் நூற்றுக்கு ஒருவரேனும் அந்த விதானத்தை அண்ணாந்து பார்த்தால், அதன் அருமையும் நிலையும் ஊரறிந்ததாகும். நெடுஞ்சாலையோரம் அதியமானுக்கும் ஔவையாருக்கும் அரசு எழுப்பிய கோட்டமும் உண்டு. அதியமான் ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை அங்கே சிலைகளாய்க் காணலாம்.

நெல்லிக்கனியைத் தாண்டியும் அதியமான் குடியின் வரலாறு நீள்கிறது; அதை அறிய இம்மாவட்டத்துக்கு வெளியே போக வேண்டியிருக்கிறது. மௌரியப் பேரரசன் அசோகன் தன் இரண்டாம் பாறைக் கட்டளையில், தன் ஆட்சிக்கு உட்படாத தென்னாட்டு அண்டை அரசுகளைக் குறிக்கும்போது சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்போரையும் கூறுகிறான். இச்சத்தியபுத்திரர் யார் என்பது ஆய்வாளரிடையே நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்னும் ஊரின் குன்றில், சமண முனிவர்க்கு அமைத்துக் கொடுத்த உறைவிடம் ஒன்றைப் பற்றிய தமிழ் பிராமிக் கல்வெட்டை, இரா. நாகசாமி இயக்குநராக இருந்தபோது தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1981இல் கண்டறிந்தனர்; அதியன் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்றே அக்கல்வெட்டு குறிப்பதால் அவ்வழக்கு தீர்ந்தது. தகடூர் நாட்டின் தலைவர் குடி, மூவேந்தர்க்கு இணையாகப் பேரரசன் ஒருவனால் பெயர் சுட்டப்பெற்ற குடி என்பது இதனால் உறுதியாகிறது. நாமக்கல் குடைவரைக் கோயிலை எட்டாம் நூற்றாண்டில் செதுக்கியவனும், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போளூரை அடுத்த திருமலையில் சமணச் சிற்பங்களைப் புதுப்பித்த விடுகாதழகிய பெருமாளும் இந்த அதியர் மரபினரே.

இம்மரபினர் தம் நாட்டை வழிகளால் இணைத்து வைத்திருந்தனர் என்பதற்குச் சான்றாக உள்ள ஒரு பொருளே இங்கு மிகுந்த வியப்புக்குரியது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, ஏறத்தாழப் பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தொலைவுக் கற்கள் சில, ‘அதியமான் பெருவழி’ என்று ஒரு சாலையின் பெயரைத் தாங்கியுள்ளன. பெருவழி என்பது வணிகச் சாத்துகள், அதாவது பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் கூட்டமாகச் செல்லும் வணிகர்கள், நாடுவிட்டு நாடு சென்ற நெடுஞ்சாலை. தாவளம் என்பது அவர்கள் சரக்கிறக்கித் தங்கும் சந்தை. காதம் என்பது நெடுந்தொலைவைக் குறித்த பழைய நீட்டலளவை. நாவற்தாவளத்துக்கு இருபத்தொன்பது காதம் என்று அறிவிக்கும் கல் ஒன்றில், அத்தொலைவு எழுத்தறிந்தோர்க்காகப் பொறிக்கப்பட்டிருப்பதோடு, எழுத்தறியாதோர்க்காக, பத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய குழிகளும் ஒன்றுக்கு ஒன்றாக ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. படிக்கத் தெரியாத வண்டிக்காரனும் விரலால் தடவி, இன்னும் போக வேண்டிய தொலைவை அறிந்துகொள்ள முடிந்தது. இருட்டிலும் அது இயன்றிருக்கும். வழிநடப்போர் அனைவரையும், அவர்தம் கல்வியைப் பொருட்படுத்தாமல், கருத்தில் கொண்ட ஓர் ஏற்பாடு எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் இருந்தது என்பதைத் தருமபுரியின் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். தருமபுரி நகரிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில், போரிலும் ஆநிரை மீட்பிலும் உயிர்விட்டோர்க்கு எடுத்த நடுகற்களோடு, இப்பெருவழியின் கல்லும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

இந்நாட்டுக்கு வந்தோர் அனைவரும் வணிகர் அல்லர்; தகடூர் யாத்திரை என்று ஒரு பழம்பெரும் நூல் இருந்தது. அங்கு யாத்திரை என்பது படையெடுப்பு. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டு அழித்த போரைப் பாடிய அந்நூல் மறைந்துபோக, உரைகளிலும் தொகைநூல்களிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சியுள்ளன.

இச்சிறு நாட்டை ஊர் ஊராகவும் வயல் வயலாகவும் நடந்து பார்த்தவர் என்று ஆவணத்தோடு சொல்லத்தக்கவர் ஒருவர் உண்டு. அவர் கிளாஸ்கோ நகரில் பிறந்த தாமஸ் மன்றோ. திப்பு சுல்தானோடு 1792இல் செய்யப்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால், அதாவது இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் அடங்கிய நிலம், கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அந்நிலத்தின் நிருவாகப் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் ரீடின் உதவியாளருள் ஒருவராக மன்றோ ஏழாண்டுக் காலம் இங்கே பணிபுரிந்து, நிலங்களை அளந்து, மண்ணின் தரத்தைக் கணித்து, உழவரோடு பேசித் தீர்வை விதித்தார். இடைத்தரகரின்றி உழவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறை இந்நிலத்தில்தான் உருப்பெற்றது. தருமபுரியில் தாம் அமைத்த தோட்டத்தைப் பற்றியும் காலை நடையைப் பற்றியும் அவர் சகோதரிக்கும் பெற்றோருக்கும் எழுதிய கடிதங்கள், அவர் மறைவுக்குப் பின் 1830இல் நூலாக வெளிவந்தன. பின்னாளில் சென்னை ஆளுநராக உயர்ந்த நிலையிலும் தருமபுரியை அவர் அன்போடு நினைத்தார். வரி வசூலே அவர் நடையின் நோக்கம் என்பதை மறக்கலாகாது. அதன் பயனும் கம்பெனிக்கே சென்றது. எனினும், அயல்நாட்டார் ஒருவர் வரிக்காக நடந்து அறிந்த அளவுக்கேனும், இம்மண்ணுக்குரியோர் அன்பின் பொருட்டு இதை நடந்து அறியவில்லை என்பது வருந்தத்தக்கதே.

நடந்து அறிவது என்பது இனிய காட்சிகளை மட்டும் தேடிப் போவதாக இருத்தல் கூடாது. சித்தேரி மலையடிவாரத்தில், அரூர்ப் பகுதியில், மலையாளி பழங்குடியினர் வாழும் வாச்சாத்தி என்னும் சிற்றூரில், 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனமரங்களைத் தேடுவதாகச் சொல்லிப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் ஊரைச் சூறையாடி, மக்களைத் தாக்கி, பெண்கள் 18 பேரை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தபோது, அவர்களுள் 54 பேர் ஏற்கெனவே இறந்துவிட்டிருந்தனர். மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்த பின்னர், அவ்வாண்டு செப்டம்பர் 29 அன்று அத்தீர்ப்பை உறுதிசெய்தார். முப்பது ஆண்டுகளாகத் தாள்களில் படிக்கப்பட்டுவந்த ஓர் ஊரை ஒருவர் சென்று கண்டார் என்பதன் மதிப்பு எத்துணை என்று விளக்க வேண்டியதில்லை. வாச்சாத்தியைக் காணாத எவரும் தருமபுரியைக் கண்டவர் ஆகார்.

ஒகேனக்கல் ஒன்றையே வெளியுலகம் அறியும். பரிசலும் அருவிக் குளியலும் மீன் வறுவலும் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டுள்ளன. அந்தக் காவிரி நீரே மேடேற்றப்பட்டு, 2013இல் தொடங்கிய கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஊர்களுக்குக் குழாய்களில் செல்கிறது. இத்திட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு: பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஃபுளூரைடு என்னும் பொருள் அளவுக்கு மிஞ்சினால் பற்களைப் பழுப்பாக்கி எலும்புகளையும் வளைத்துவிடும். கிணற்று நீரையும் ஆழ்குழாய் நீரையும் குடித்த பல தலைமுறையினர் அந்நோயைச் சுமந்தனர். அருவியில் குளித்துத் திரும்புவோர், வழியிலுள்ள ஊர்களில் நின்று முதியோரின் புன்னகையை ஒருமுறை கவனித்தால், ஆற்றுக்கும் மேட்டுநிலத்துக்கும் உள்ள உறவு விளங்கும். ஒகேனக்கல் அமைந்துள்ள அதே பெண்ணாகரம் வட்டாரத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில், தொழுநோயின் காரணமாக இரயில் பயணம் மறுக்கப்பட்டும் ஊர் ஊராக நடந்தே விடுதலைக் கருத்தைப் பரப்பிய சுப்பிரமணிய சிவா, 1925 ஜூலை 23 அன்று உயிர்நீத்தார். அவர் நினைவிடமும், அவர் எழுப்ப விரும்பிய பாரத மாதாவுக்கான ஆலயமும் அங்கே உள்ளன.

அதியமானின் முன்னோர் கரும்பை வேற்று நாட்டிலிருந்து இங்கே கொணர்ந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியிருப்பதையும், இன்று பாலக்கோட்டிலும் அரூரை அடுத்த கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் இருப்பதையும் ஒருசேர நினைக்கும்போது, நூலறிவும் ஊரறிவும் சந்திக்கும் மகிழ்ச்சி உண்டாகிறது. அம்மகிழ்ச்சி இம்மாவட்டத்து மாணவர்க்குக் கிட்ட வேண்டும். கல்விச் சுற்றுலா என்றவுடன் உதகைக்கும் மைசூருக்கும் பேருந்து அமர்த்தும் ஆசிரியப் பெருமக்கள், ஆண்டில் முதல் பயணத்தைத் தம் வட்டத்துக்குள்ளேயே அமைத்தால் செலவும் குறையும், பிள்ளைகள் இரவுக்குள் வீடு திரும்பவும் முடியும். பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்வது இன்னும் நன்று. அவர்களுள் பலரும் இவ்விடங்களை முதன்முறையாகக் காண்பவராகவே இருப்பர்.

தங்கள் அடுத்த பெங்களூர்ப் பயணத்தின்போது தருமபுரியில் இறங்குமாறு வேண்டப்படுகிறது. அகழ்வைப்பகத்தில் அந்தத் தொலைவுக் கல்லின் முன் நின்று குழிகளை எண்ணிப் பார்த்தபின், சேலம் சாலையில் செல்லும் பேருந்தில் ஏறினால், ஏழெட்டுக் கிலோமீட்டரில் அதியமான்கோட்டை வந்துவிடும். சென்னராயப் பெருமாள் கோயில் விதானத்தைக் காண வெளிச்சம் நன்றாக உள்ள முற்பகல் வேளையே ஏற்றது.

அன்புடன்,
ஒரு பயணி