கம்பெனிக்குக் கொடுத்த நிலம்

இருப்புப்பாதை ஓரத்து ஊர்களில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. “இந்தத் தண்டவாளம் கிடக்கும் இடம் நம் முன்னோர் ரயில் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது” என்பார்கள். உங்கள் இல்லத்திலும் இதைக் கேட்டிருப்பீர்கள். முத்துப்பேட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், எங்கள் பூட்டனாரைப் பற்றியும் இவ்வாறே பெருமையாகச் சொல்லி வந்தனர்.

2019ஆம் ஆண்டு அப்பாதை அகலப்பாதையாக மாறி, மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது. அப்போது எங்கள் குடும்பத்து இளைஞர்கள் ஒரு கேள்வியுடன் என்னிடம் வந்தனர். கம்பெனிதான் மறைந்துவிட்டதே, பாதையோரம் சும்மா கிடக்கும் மிச்ச நிலம் நமக்குத் திரும்பாதா என்றனர். பழைய காகிதங்களை எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 1894இல் வந்த பாதை, 1902இல் பட்டுக்கோட்டைக்கும் 1903இல் அறந்தாங்கிக்கும் நீண்டது. இதைப் போட்டது கம்பெனியன்று. தஞ்சாவூர் ஜில்லா போர்டு. நிலவரியோடு சேர்த்து வசூலித்த தனி வரிதான் அதற்கு முதல். தென்னிந்திய ரயில்வே கம்பெனி வண்டியை ஓட்டிக் கொடுத்தது, அவ்வளவே. ஆக, நிலத்தை இழந்தவர்களும் அந்தப் பாதைக்காக வரி கட்டியிருக்கிறார்கள். இதைப் பெருமையாகப் பேசுவோர் யாரையும் நான் கண்டதில்லை.

நம் நாட்டில் ரயில் கம்பெனிகள் குடியானவரிடம் பேரம் பேசி நிலம் வாங்கியது அரிது. 1850களில் வந்த கம்பெனிகளுக்கு அரசாங்கமே நிலத்தை எடுத்து, 99 ஆண்டுக் குத்தகைக்கு, விலையின்றிக் கொடுத்தது. பின்னர் 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி, உரிமை கொண்டாடுவோர் வருமாறு கலெக்டர் அறிவிப்புக் கொடுப்பார், விசாரிப்பார், அந்நாளைய சந்தை விலையை முடிவு செய்து, விருப்பமின்றி எடுப்பதற்காக அதன்மேல் நூற்றுக்கு 15 சேர்த்து ஆணை எழுதுவார். 1984இல்தான் அந்த 15, 30 ஆயிற்று. எனவே, பெட்டியில் கிரயப் பத்திரத்தைத் தேடாதீர்கள். கலெக்டரின் அறிவிப்பையும் ஆணையின் நகலையும் தேடுங்கள். எங்களுக்குக் கிடைத்ததும் அப்படியொரு நகல்தான்.

மிச்ச நிலம் திரும்புமா? திரும்பாது. கலெக்டர் சுவாதீனம் எடுத்த கணமே எவ்வித வில்லங்கமும் இன்றி அந்நிலம் அரசாங்கத்தைச் சேரும் என்றது அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு. எடுத்த காரியம் நின்றுபோனாலும் பழைய உடைமையாளருக்கு உரிமை மீளாது. கம்பெனி போனதாலும் ஒன்றும் மாறவில்லை. 1944இல் அரசு அதை ஏற்றது. 1951இல் தென்னக ரயில்வே பிறந்தது. அமெரிக்காவில் நடந்தது வேறு. வயோமிங் மாநிலத்தில் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்ட ஒரு தடத்தின் உரிமை, நிலத்துக்குரிய குடும்பத்துக்கே சேரும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே கம்பெனி பெற்றது வழி செல்லும் உரிமையை மட்டுமே, நிலத்தையே அன்று. இங்கே போனது நிலமே.

இதைக் கேட்டு இளைஞர்கள் சோர்ந்தனர். ஆனால் அந்நகலில் என் கண் நின்ற இடம் வேறு. பணம் பெற்றவர் என்று ஒரே பெயர், எங்கள் பூட்டனாருடையது. நிலமோ அவருடைய வாப்பாவுக்குரியது. வாப்பா மௌத்தானபோது இருந்த வாரிசுகள் ஒரு மகனும் மூன்று பெண்மக்களும். தாயார் முன்பே காலமாகிவிட்டார். ஆணுக்கு இரு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்ற ஃபராயிள் கணக்கில், மொத்தம் ஐந்து பங்கு. பூட்டனாருக்குரியது அதில் இரண்டு. மூன்று பங்கு சகோதரிகளுக்குரியது. பட்டா அண்ணன் பெயரில் இருந்தது, அறிவிப்பும் அவருக்கே வந்திருக்கும். வீட்டை விட்டு வெளிவராத அப்பெண்மக்கள் கலெக்டர் முன் போய் நிற்பது அந்நாளில் எப்படி நடந்திருக்கும்? அவர்களிடம் அண்ணன் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்தாரா என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. கொடுத்ததாக ஒரு வாய்மொழியும் இல்லை. கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பெருமை மட்டும் நான்கு தலைமுறையாக வந்திருக்கிறது!

சகோதரிகளே, இவ்விடத்தில் அந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொன்னதைக் கவனியுங்கள். இழப்பீட்டைப் பெற்றுக்கொண்டவர், அதற்குச் சட்டப்படி உரியவர்க்கு அதைக் கொடுக்கும் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுவதில்லை. வெள்ளைக்காரர் எழுதிய சட்டமே அண்ணனை விட்டுவிடவில்லை. வழக்குத் தொடுக்கும் காலக்கெடு என்றோ கடந்துவிட்டது, உண்மைதான். ஆயினும் வாங்கியவர் மீது நின்ற கடன், அவர் விட்டுச் சென்ற சொத்தை அனுபவிக்கும் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

தொகை அந்நாளில் சில நூறு ரூபாய். இன்றைக்கு அதை எப்படிக் கணக்கிடுவது என்று எங்கள் ஆலிமிடம் கேட்டிருக்கிறோம். நிலத்தைக் கேட்டு வந்த இளைஞர்கள் இப்போது மூன்று சகோதரிகளின் வாரிசுகளைத் தேடிப் பட்டியல் எழுதி வருகின்றனர். மூத்தவரின் வழியினர் அடுத்த தெருவிலேயே இருக்கின்றனர். இளையவரின் பேத்தி ஒருவர் நாகூரில் இருப்பது தெரிந்தது. நடுவுள்ளவரின் மக்கள் பர்மாவுக்குப் போனதாகச் சொல்கிறார்கள். அங்கிருந்து திரும்பியவர்கள் வீடுகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.