கிரீன்விச்சில் கண்ட சுக்கான்

இலண்டன் சென்றிருந்த சமயம் ஒருநாள் முற்பகலில் கிரீன்விச் சென்றோம். அங்குள்ள குன்றின்மீதுதான் தீர்க்கரேகைக் கணக்குத் தொடங்கும் கோடு செல்கிறது. பயணிகள் அதைக் காண விரைகின்றனர். நாமோ குன்றேறவில்லை. தேம்சு நதியோரம் நிற்கும் 'கட்டி சார்க்' என்னும் பழைய பாய்மரக் கப்பலிலேயே பொழுதைக் கழித்துவிட்டோம்.

ஸ்காட்லாந்தில் 1869-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற இக்கப்பல், சீனத்துத் தேயிலையை இலண்டனுக்கு ஏற்றி வந்தது. 2007-இல் பழுதுபார்க்கும் வேலை நடக்கையில் தீப்பிடித்து, 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இப்போது கப்பலை மூன்று மீட்டர் உயர்த்தி நிறுத்தியிருப்பதால் அதன் அடியிலேயே நாம் நடந்து செல்லலாம். பின்கோடிக்குப் போய் அண்ணாந்து பார்த்தோம். அங்கேதான் சுக்கான் இருக்கிறது.

மேல்தளத்தில் சக்கரத்தைப் பற்றி நிற்பவனைத்தான் எல்லாரும் காண்கின்றனர். அவன் சக்கரத்தைத் திருப்ப, சுக்கானின் தண்டு திரும்புகிறது. நீருக்குள் இருக்கும் பலகை பாய்ந்துவரும் நீரை ஒருபுறம் தள்ள, கப்பலின் பின்பகுதி மறுபுறம் ஒதுங்குகிறது, முகம் திரும்புகிறது. இத்தனை பெரிய பலகையைக் கப்பலோடு பிணைப்பவை, கதவுக் கீல்களைப் போன்ற உலோக முளைகளும் வளையங்களுமே. அலையின் அடியைத் தாங்குபவை அவை, தேய்பவையும் அவையே.

1872 ஜூன் 18 அன்று இக்கப்பலும் 'தெர்மோபைலே' என்ற மற்றொரு கப்பலும் ஷாங்காயிலிருந்து போட்டியிட்டுப் புறப்பட்டன. இது முந்திக்கொண்டது. ஆனால் ஆகஸ்டு 15 அன்று, தேவதாயின் விண்ணேற்புத் திருநாளில், இந்தியப் பெருங்கடலில் எழுந்த கடும்புயல் சுக்கானைப் பிய்த்தெறிந்தது. உரிமையாளர் வில்லிஸின் சகோதரர் கப்பலில் இருந்தார். துறைமுகத்தில் ஒதுங்கிப் பழுதுபார்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கப்பல் தலைவர் மூடி இணங்கவில்லை. சகோதரரின் அச்சம் நியாயமானதே. ஆனால், துறைமுகத்துக்குப் போகவும் சுக்கான் வேண்டுமே!

தச்சர் ஹென்றி ஹெண்டர்சன் வேலையில் இறங்கினார். மாற்றுக்கென வைத்திருந்த மரங்களை அறுத்து இணைத்துப் புதுப் பலகை செய்தார். அலை புரளும் தளத்தின்மேல் உலை மூட்டி இரும்பைக் காய்ச்சினர். கப்பல் சாய்ந்தபோது கங்கு சிதறி, துருத்தி ஊதிக்கொண்டிருந்த தலைவரின் மகனைச் சுட்டது. ஏறத்தாழ ஆறு நாள் உழைப்பிற்குப் பின் சுக்கான் கடலில் இறக்கப்பட்டது. செப்டம்பரில் அதுவும் பழுதுற, மேலே தூக்கி மீண்டும் பொருத்தினர்.

இவ்விடத்தில் நம் நினைவு புனித சின்னப்பரின் கப்பற் பயணத்துக்குச் சென்றது. மால்டாக் கரையோரம் மாலுமிகள் சுக்கான்களின் கட்டுகளை அவிழ்த்ததை அப்போஸ்தலர் பணி நூல் குறிப்பிடுகிறது. அக்காலத்துச் சுக்கான்கள் பக்கவாட்டில் தொங்கிய பெருந்துடுப்புகள். கயிற்றால் இழுத்துக் கட்டிவைக்கலாம். பல முறை வாசித்த அவ்வரி, அந்தக் கப்பலின் அடியில் நின்றபோதுதான் நமக்கு விளங்கிற்று.

தெர்மோபைலே அக்டோபர் 11 அன்று இலண்டன் சேர்ந்தது. கட்டி சார்க் ஒரு வாரம் கழித்து, 122-ஆம் நாளில் வந்தது. போட்டியில் தோல்விதான். எனினும் கடலோடிகளின் பாராட்டு தோற்ற கப்பலுக்கே கிடைத்தது. மூடி மட்டும் அப்பயணத்தோடு அக்கப்பலை விட்டு விலகிக்கொண்டார். நடுக்கடலில் மூண்ட அந்தப் பிணக்கு கரை வந்த பின்னும் ஆறவில்லை.