தேறலும் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குத் திராட்சை கனியன்று, கணக்கு. பிற ஊர்களில் பருவம் பார்த்துப் பறிப்பார்கள். இங்கோ கவாத்து நாளைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவைத்து ஆண்டு முழுவதும் பறிக்கிறார்கள். கவாத்து முடிந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுத்துவிடும். 1895 முதல் மலையைத் துளைத்து வரும் பெரியாற்று நீரின் கொடை அது. ஆனால் பறிக்கும் வாரத்தில் ஒரு மழை பெய்தால் போதும், பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி திரும்பியும் பாரார்.

நாம் பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் இனம். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அதைத் தமிழகத்துக்குக் கொணர்ந்தார் என்பர். 2023இல் அது புவிசார் குறியீடு பெற்றது. உண்பதற்கும் மது வடிப்பதற்கும் ஒருங்கே ஏற்ற பழம்.

இத்தாலியிலும் பிரான்சிலும் பாட்டன் கட்டிய கல்வீட்டைச் செப்பனிட்டு, ஒரு குடும்பமே ஒயின் வடிக்கும் வழக்கம் உண்டு. நொதிக்கும் சாறு தானே சூடேறும். தடித்த கற்சுவர் வெளிவெயிலையும் சேரவிடாமல் காக்கும். எங்கள் பெரியப்பாவின் தோட்டத்திலும் அப்படியொரு கல்வீடு இருக்கிறது. இன்று அதில் உரமூட்டைகளும் மருந்தடிக்கும் கருவியும் கிடக்கின்றன.

ஒரு மழைக்குப் பிறகு, அந்த வீட்டைப் பழுதுபார்த்து ஒயின் வடிக்கலாமா என்று அண்ணன் கேட்டார். சின்ன ஓவுலாபுரத்தில் ஹில்ஜில் ஒயின்ஸ் ஆலை எழுந்ததைக் கண்டவர் அவர். ஆனால் அது ஆலை. சிறு விவசாயிக்கு உரிமமும் தீர்வையும் மலை. 2003 முதல் சில்லறை விற்பனையோ டாஸ்மாக்கின் கையில். தன் பந்தலின் கீழ் அமர்த்தி ஒரு கோப்பை விற்க அவரால் ஆகாது.

அதற்கெல்லாம் முன்பே பெரியம்மா முடித்துவிட்டார்: "இந்த வீட்டுல அந்த வாடை வரக்கூடாதுப்பா."

நான் ஆண்டுதோறும் புறநானூற்றின் 56ஆம் பாடலை நடத்துகிறவன். யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்ட, இனிது வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் அதில் வாழ்த்துகிறார். 1945இல் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மதுச்சாடிகளின் ஓடுகளையும் மாணவர்களுக்குச் சான்று காட்டுவேன். மது நமக்கு அயலன்று என்று வகுப்பில் வாதிட எளிது.

பெரியம்மாவிடம் அவ்வாதம் செல்லாது. அவர் தம்பி முப்பத்தாறு வயதில் குடியால் மாண்டார். தம்பி மனைவியின் கைவளையல்களைக் கழற்றியவர் பெரியம்மாதான். தேறல் ஊட்டிய மகளிரின் ஒளிரும் வளையல்களை நக்கீரர் பாடினார். அவ்வளையல்கள் கழன்ற கதை அப்பாடலில் இல்லை. அரசனின் கோப்பையைப் பாடிய மொழிக்கு, அதன் மறுபக்கத்தில் நின்ற பெண்ணைப் பாட வாய்க்கவில்லை.

ஆயினும் அண்ணன் சொல்வதும் மெய்தான். அவர் குடிகாரரை உண்டாக்கக் கேட்கவில்லை. வெடித்த பழத்துக்கு ஒரு வழி கேட்டார். சாராயத்துக்கும் ஒயினுக்கும் உள்ள வேற்றுமையை எடுத்துரைக்கும் பொறுமை நம் சட்டத்துக்கும் இல்லை, நம் துயரத்துக்கும் இல்லை.

வரும் தையில் இரண்டு ஏக்கர் பந்தலைப் பிரித்துவிட்டுத் தென்னை வைக்கப் போகிறாராம்.